குண்டு துளைக்காத கோயில்

இன்று சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் போவோம். தலைமைச் செயலகத்தைத் தாண்டித் தெற்கே நடந்தால், மரங்களுக்கு மேலே வெள்ளைக் கோபுரம் ஒன்று தெரியும். அதுதான் புனித மேரி ஆலயம். இந்தியாவில் இன்றும் நிற்கிற ஆங்கிலிக்கன் ஆலயங்களில் இதுவே மூத்தது. 1678 மார்ச் 25, மாதா திருநாளன்று வேலை தொடங்கியது. 1680 அக்டோபர் 28 அன்று அபிஷேகம் நடந்தது. கட்டிய பணம் கிழக்கிந்தியக் கம்பெனி கஜானாவிலிருந்து வரவில்லை. கோட்டையில் குடியிருந்தவர்கள் தங்களுக்குள் வசூலித்துக் கொடுத்தது.

உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பாருங்கள். உத்தரமும் இல்லை, கைமரமும் இல்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்து மாட்டுவண்டிக் கூடுபோல வளைந்து நிற்கின்றன. கூரையின் கனம் இரண்டடி, வெளிச்சுவரின் கனம் நான்கடி. மரக்கூரையில் பீரங்கிக் குண்டு விழுந்தால் தீப்பிடிக்கும். இந்த வளைவு அதைத் தாங்கிக்கொள்ளும். கட்டடத்துக்குத் திட்டம் போட்டவர் கோட்டையின் பீரங்கித் தலைவர் எட்வர்ட் ஃபவுல் என்று சொல்வார்கள். இந்தக் கூரையைப் பார்த்தால் எனக்கு அதில் சந்தேகம் வரவில்லை. கும்பிடும் இடத்தைக்கூட முற்றுகையை மனத்தில் வைத்துக் கட்ட வேண்டியிருந்த காலம் அது.

1827இல் காலராவில் இறந்த ஆளுநர் தாமஸ் மன்றோ இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். தஞ்சாவூரில் வாழ்ந்து மறைந்த பாதிரியார் ஷ்வார்ட்ஸுக்கும் பளிங்கில் ஒரு நினைவுச்சின்னம் உண்டு.

வெளியே வந்தால் அடி பார்த்து நடங்கள். முற்றத்துத் தளமே கல்லறைக் கற்கள்தான். இலத்தீனும் போர்த்துக்கீசியமும் ஆர்மீனியமும் காலடியில் கிடக்கின்றன. ஆனால் இந்தக் கற்களுக்குக் கீழே யாரும் இல்லை. பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, இன்றைய உயர் நீதிமன்றப் பக்கம் இருந்தது. 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டபோது, உயரமான அந்தக் கல்லறைகள் எதிரிக்கு நல்ல மறைவாகிவிட்டன. முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர் அவற்றை இடித்து, எழுத்துப் பொறித்த கற்களை மட்டும் இங்கே கொண்டுவந்து பதித்தார்கள். செத்தவர்கள் அங்கே, அவர்கள் பெயர்கள் இங்கே.

இடிக்காமல் விட்டவற்றில் ஒன்று ஜோசப் ஹின்மர்ஸின் கல்லறை. கூடவே ஒரு சிறுவனும் அங்கே கிடக்கிறான்: பிற்பாடு ஆளுநரான எலிஹு யேலின் மகன் டேவிட். ஹின்மர்ஸின் விதவை கேத்தரினைத்தான் யேல் மணந்தார். 1680 நவம்பரில், இந்த ஆலயத்தில் நடந்த முதல் கல்யாணம் அதுதான்.