ஒரு பெயரும் சில கிட்டார்களும்

(முன்னாள் மாணவர் சங்கமத்தின் காலை அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'காற்றாலைத் துறையில் வேலைவாய்ப்பு'. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் பதினைந்து வருஷமாகக் காற்றாடிக்குக் கீழே அண்ணாந்து நிற்பவன் என்பதால் கொடுத்திருக்கிறார். வேலை வேண்டிய தம்பிமார் மத்தியானம் சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது நான் பேச நினைப்பது ஹெவி மெட்டல் பற்றி. "மெட்டலர்ஜியாடே?" என்று முன்வரிசையில் ஒரு சார் கேட்கிறார். இல்லை சார், பாட்டு.

2008 மார்ச். நான் இரண்டாம் ஆண்டு. நாங்கள் நாலு பேர் ஐலண்ட் எக்ஸ்பிரஸில் அன்ரிசர்வ்டு பெட்டியில் ஏறிப் பெங்களூருக்குப் போனோம். வீட்டில் சொன்னது 'இண்டஸ்ட்ரியல் விசிட்'. உண்மையில் போனது அரண்மனை மைதானத்தில் நடந்த 'ராக் இன் இந்தியா' நிகழ்ச்சிக்கு. அமெரிக்காவிலிருந்து மெகாடெத் வருகிறது என்றால் எப்படி நாகர்கோவிலில் உட்கார்ந்திருக்க முடியும்?

மெகாடெத்தின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. டேவ் மஸ்டெயின் என்பவரை 1983-இல் மெட்டாலிக்கா குழுவிலிருந்து வெளியே அனுப்பினார்கள். அதே வருஷம் அவர் தொடங்கியதுதான் மெகாடெத். நாங்கள் பார்த்த அன்று தொடக்ககாலத்து ஆள் என்று மேடையில் நின்றவர் அவர் ஒருவர்தான். அவருக்குப் பக்கத்தில் கிட்டார் வாசித்த கிறிஸ் பிராட்ரிக் அந்த வருஷம்தான் குழுவில் சேர்ந்திருந்தார். கூட்டத்தில் யாருக்கும் அதில் குறை இருந்ததாகத் தெரியவில்லை. நானும் அன்று அதைப் பற்றி யோசிக்கவில்லை. பின்னால் யோசிக்க வேண்டி வந்தது, அதைச் சொல்கிறேன்.

ஆனால் ஊருக்குத் திரும்பும்போது ரயிலில் நாங்கள் பேசிக்கொண்டு வந்தது மெகாடெத்தைப் பற்றி அல்ல. அதே மேடையில் அவர்களுக்கு முன்னால் வாசித்த கொச்சிக்காரர்களைப் பற்றி. மதர்ஜேன். 1996-இல் கொச்சியில் தொடங்கிய குழு. நமக்குத் திருவனந்தபுரம் தாண்டினால் இன்னும் கொஞ்ச தூரம், அவ்வளவுதான். நம்ம பக்கத்து ஆட்கள், நம்மைப் போலத் தேங்காய் அரைத்த குழம்பு சாப்பிடுகிறவர்கள், அத்தனை பெரிய மேடையில்!

அன்று கிட்டார் வாசித்தவர் பைஜு தர்மஜன். இங்கே எனக்குள் இருக்கும் எஞ்சினியர் கொஞ்சம் பேசட்டும். கிட்டாரில் கட்டைகள் உண்டு, வீணை மாதிரி. விரலை ஒரு கட்டையில் வைத்தால் ஒரு சுரம், அடுத்த கட்டையில் அடுத்த சுரம். நடுவில் இருப்பதைத் தொட வேண்டுமானால் தந்தியைப் பக்கவாட்டில் தள்ளி இழுவிசையைக் கூட்ட வேண்டும். இழுவிசையை நாலு மடங்கு ஆக்கினால்தான் அதிர்வெண் இரண்டு மடங்காகும். ஆகவே ஒரு கமகத்துக்கு விரல் படும் பாடு சாதாரணமல்ல. ராக் வாசிப்பவர்கள் எல்லாரும் தந்தியை வளைப்பார்கள். பைஜு வளைத்ததில் கர்நாடக சங்கீதம் கேட்டது. ஆம்ப்ளிஃபயர் உறுமிக்கொண்டே இருக்கிறது, அதற்குள்ளிருந்து கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் வருகிற மாதிரி ஒன்று வருகிறது. சூரஜ் மணி பாடினார். ஜான் தாமஸ் டிரம்ஸ், கிளைட் ரொசாரியோ பேஸ் கிட்டார். அந்த வருஷமே அவர்களுடைய 'மக்தூப்' ஆல்பம் வெளிவந்தது. அரபியில் 'எழுதப்பட்டது' என்று பொருள். எங்கள் ஹாஸ்டலில் அது பென் டிரைவ் பென் டிரைவாகப் போய் எல்லா அறையிலும் ஓடியது.

அந்தக் குழுவில் முன்பு கிட்டார் வாசித்த ரெக்ஸ் விஜயன் விலகிப்போய்ச் சேர்ந்த குழுவுக்குப் பெயர் 'அவியல்'. அவர்களுடைய முதல் ஆல்பமும் 2008-இல்தான் வந்தது, மலையாளத்தில். அவியல் என்ற பெயரைக் கேட்டால் நாஞ்சில் நாட்டுக்காரனுக்குக் காது நிமிராமல் இருக்குமா? முருங்கைக்காய் கிடைக்காத மாதம் வேறு காய் போடுவோம். மாங்காய் இல்லாவிட்டால் தயிர். ஆனால் தேங்காயும் சீரகமும் அரைத்துச் சேர்க்காமல் எங்க அம்மையிடம் கொண்டுபோய் அதை அவியல் என்று சொல்லிப் பாருங்கள்!

2010-இல் பைஜு மதர்ஜேனை விட்டு விலகினார். சில வருஷங்களில் சூரஜ் மணியும் தனி வழி போனார். புது ஆட்களோடு குழு தொடர்ந்தது. செய்தி கேட்ட அன்று நான் கொந்தளித்தேன். "பைஜு இல்லாம என்னலே மதர்ஜேன்? பேரை மாத்தட்டும்" என்று சைட்டில் டீக்கடையில் நின்று பேசினேன். என் கூட வேலை பார்த்த ஆபரேட்டருக்கு மதர்ஜேனும் தெரியாது, பைஜுவும் தெரியாது. பாவம், தலையாட்டினார்.

அந்தக் கொந்தளிப்புக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இங்கே சிலருக்குத் தெரியும், அவர்கள்தான் இப்போது சிரிக்கிறார்கள்.

நம் கல்லூரிக்கென்று ஒரு குழு இருந்தது. இரவல் டிரம்ஸ், ஈயம் வைத்து ஒட்டிய வயர், எங்கள் சீனியர்கள் வைத்த பெயர். பெங்களூரிலிருந்து திரும்பிய சில மாதத்தில் அந்தக் குழுவின் கிட்டார் அண்ணனுக்கு அரியர் ஏறிவிட்டது, வீட்டில் கிட்டாரைப் பூட்டி வைத்துவிட்டார்கள். அந்த இடத்துக்கு என்னைப் போட்டார்கள். கல்லூரி தினத்தன்று நான் மேடையேறினேன். முதல் பாட்டு முடியுமுன் பின்வரிசையிலிருந்து அந்த அண்ணனின் பெயரைச் சொல்லிக் கூப்பாடு. என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, அவரைக் கூப்பிட்டார்கள். வாசித்தவை எல்லாம் அவர் விரலுக்கு அமைத்த பாட்டுகள். என் கை சிறியது, எட்டவில்லை. நான் பழகிக்கொள்ள ஒரு வருஷம் ஆயிற்று. அந்த அண்ணன் என்னோடு பேசவில்லை. நானும் போய்ப் பேசவில்லை.

இதே அவஸ்தையைப் பெரிய அளவில் பட்டவர் ஒருவர் உண்டு. லண்டனில் 1975-இல் ஸ்டீவ் ஹாரிஸ் தொடங்கிய அயர்ன் மெய்டனில் 1993-இல் பாடகர் புரூஸ் டிக்கின்சன் விலகினார். அடுத்த வருஷம் பிளேஸ் பெய்லி என்பவரைச் சேர்த்தார்கள். டிக்கின்சனுடையது உச்சத்துக்குப் போகும் குரல், பெய்லியுடையது கனமான கீழ்க்குரல். பழைய பாட்டுகளையெல்லாம் டிக்கின்சனின் சுருதியில் பெய்லி பாட வேண்டியிருந்தது. ஐந்து வருஷம், இரண்டு ஆல்பம். அந்த மனுஷனை ரசிகர்கள் படுத்திய பாட்டைப் படித்தபோது எனக்கு நம் கல்லூரி தினம்தான் நினைவுக்கு வந்தது. இன்றைக்கும் அந்த இரண்டு ஆல்பங்களையும் குறை சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

1999-இல் டிக்கின்சன் திரும்பி வந்தார். முன்பு விலகியிருந்த கிட்டார்காரர் ஏட்ரியன் ஸ்மித்தும் கூடவே வந்தார். ஸ்மித்தின் இடத்தில் 1990 முதல் வாசித்துக்கொண்டிருந்தவர் ஜானிக் கெர்ஸ். இப்போது கெர்ஸை என்ன செய்வது? அனுப்பவில்லை. இன்னொரு ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, மேடையில் மூன்று கிட்டார் ஆக்கிவிட்டார்கள். 2007 மார்ச் 17 அன்று பெங்களூரில் அவர்கள் வாசித்தபோதும் மூன்று கிட்டார்தான். அதற்குப் போகக் காசில்லாமல் நான் ஹாஸ்டலில் கிடந்தேன், அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

போன வருஷம் நம் இப்போதைய மாணவர்கள் எனக்குப் போன் செய்தார்கள். குழுவை மறுபடி தொடங்குகிறோம், பழைய பெயரையே வைத்துக்கொள்ளலாமா அண்ணே என்று கேட்டார்கள். நான் பெரிய மனுஷத்தனமாக, "அசல் ஆட்கள் யாரும் இல்லாம அந்தப் பேரு எதுக்குடே? வேற பேரு வைங்க" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு தங்கை, மரியாதையாகத்தான், கேட்டாள்: "அண்ணே, நீங்க அதுல எத்தனையாவது கிட்டார்?"

சிக்னல் இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஆரல்வாய்மொழியில் சிக்னல் நன்றாகவே கிடைக்கும்.

அன்று மாலை நான் வேலை பார்த்துக்கொண்டிருந்த காற்றாடியில் கியர்பாக்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன்னால் ஜெனரேட்டர் மாற்றியாயிற்று, ஒரு இறக்கையும் மாற்றியாயிற்று. பதிவேட்டில் அதே பழைய நம்பர். அந்த நம்பரை எழுதிக் கையெழுத்துப் போடுகிறவனே நான்தான்.

ராத்திரி அந்த அண்ணனின் நம்பரை ஒருவரிடம் கேட்டு வாங்கினேன். பதினாறு வருஷம் கழித்து அழைக்கிறேன். யார் என்று சொன்னதும், "ஏலே மக்கா, உனக்கு அந்த ரெண்டாவது பாட்டு இப்பமாவது விரலு எட்டுகாலே?" என்றார். இல்லை அண்ணே என்றேன். "எனக்கும் அப்பம் எட்டாதுலே, ஏதோ சமாளிச்சேன்" என்றார். பிறகு ஒரு மணி நேரம் பேசினோம். பெயர் விஷயத்தைச் சொன்னேன். அவர் சொன்ன பதிலை இந்த மேடையில் சொல்ல முடியாது. சுருக்கமாக, பிள்ளைகள் வைத்துக்கொள்ளட்டும் என்றார்.

தங்கச்சி, உனக்கு நான் கடன்பட்ட பதில்: நான் நாலாவது. பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் கேட்டிருக்கவே வேண்டாம்.

இன்று ராத்திரி ஏழு மணிக்குத் திறந்தவெளி அரங்கில் அவர்கள் வாசிக்கிறார்கள். முதல் இரண்டு பாட்டு அவர்களுடைய சொந்தப் பாட்டு, நாங்கள் கீழே உட்கார்ந்து கேட்போம். மூன்றாவது பாட்டுக்கு அண்ணன் களியக்காவிளையிலிருந்து வருகிறார், நானும் ஏறுகிறேன். ஒரு ஆம்ப்ளிஃபயர் குறைகிறது. யார் வீட்டிலாவது பழையது கிடந்தால் ஐந்து மணிக்குள் கொண்டுவந்து கொடுங்கள். வயர் நான் ஒட்டிக்கொள்கிறேன்.