இணையத்தில் மலிவாக வாங்கிக் கடையில் விற்பது கூடுமா?

(ஜமாஅத் வணிகர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

எடப்பாடிக் கடைவீதியில் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் சில காலமாக ஒரு மஸ்அலாவை நம்மிடம் கேட்டு வருகின்றனர். பண்டிகைக் காலத் தள்ளுபடி நாட்களில் கைப்பேசி, மிக்சி, ஷாம்பு போன்றவை சேலத்து மொத்த வியாபாரி தரும் விலையினும் குறைவாக இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றை வாங்கி வைத்துப் பின்னர் வழக்கமான விலைக்கு விற்பது கூடுமா என்பதே அக்கேள்வி. முந்நூறுக்கு வாங்கியதை ஐந்நூறுக்கு விற்பது ஏமாற்று அல்லவா என்று வாங்குவோர் தரப்பிலிருந்தும் கேட்கப்படுகிறது.

வியாபாரத்தை ஹலாலாக்கி வட்டியை ஹராமாக்கியதாக அல்லாஹ் அல்பகரா அத்தியாயத்தில் அறிவித்துள்ளான். மலிவான இடத்தில் வாங்கி விலை கிடைக்கும் இடத்தில் விற்பதுதான் வியாபாரத்தின் இயல்பு. உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் ஒரு தீனார் கொடுத்து ஆடு வாங்கி வரச் சொன்னார்கள். அவர் அந்தத் தீனாருக்கு இரண்டு ஆடுகளை வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஓர் ஆட்டையும் ஒரு தீனாரையும் கொண்டுவந்து கொடுத்தார். நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டிக்கவில்லை; அவருடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாக துஆச் செய்தார்கள். புகாரியில் பதிவான செய்தி இது. சனிக்கிழமை கொங்கணாபுரம் சந்தைக்கு ஆடு வாங்கப் போகும் நம் சகோதரர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அரை தீனாருக்கு வாங்கியது ஒரு தீனாருக்கு விற்றிருக்கிறது. ஆகவே இலாபத்துக்கு ஷரீஅத் இத்தனை சதவீதம் என்று எல்லை வகுக்கவில்லை. ஆயினும் பொட்டலப் பொருளில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்பதை நாட்டின் சட்டமுறை எடையளவு விதிகள் தடுக்கின்றன. அதற்குக் கட்டுப்படுவது நம்மீது கடமை.

கடைக்காரர் இணையத்தை நாடுவதைப் பேராசை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 2014 அக்டோபர் 6 அன்று ஃபிளிப்கார்ட் தன் முதல் பெருந்தள்ளுபடி விற்பனையை நடத்தியபோதே, இவ்விலைக்குத் தங்களால் விற்க இயலாதென வணிகர் சங்கங்கள் முறையிட்டன. 2021 டிசம்பரில் நுகர்பொருள் விநியோகஸ்தர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு, பெருநிறுவனங்களுக்கு ஒரு விலையும் ஊர்க்கடைகளுக்குச் சரக்குக் கொண்டுசெல்லும் தங்களுக்கு வேறொரு விலையுமா என்று உற்பத்தியாளர்களிடம் கேட்டது. 2022 ஜனவரியில் மகாராஷ்டிரத்தில் சில பொருள்களை விநியோகிக்கவும் மறுத்தார்கள். இந்தக் கோணலான விலைக்கு நடுவில் நிற்பவர் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடையில் அமர்ந்திருக்கும் நம் சகோதரர்தாம். அவர் மலிவைத் தேடிப் போவதை நாம் குறை கூறமாட்டோம்.

நாம் கவலைப்படுவது அவர் வாங்கும் முறையைப் பற்றியே. பல தளங்கள் தங்கள் சரக்கு சொந்த உபயோகத்துக்கு மட்டுமே, மறுவிற்பனைக்கு அன்று என நிபந்தனையிட்டு, ஒருவருக்கு இத்தனை என்றும் வரம்பு வைக்கின்றன. வாங்கியவன் விற்கக்கூடாதென்ற நிபந்தனை செல்லுமா? கால்நடையை வாங்குபவர் அதை விற்கக்கூடாது என்று நிபந்தனையிட்டால் விற்பனை செல்லும், நிபந்தனை செல்லாது என்று ஹனஃபி மத்ஹபின் ஹிதாயா நூலில் உதாரணமே உள்ளது. அந்த நிபந்தனையால் எவருக்கும் பலனில்லை என்பது அங்கே காரணம். இணையத்தில் விற்பவருக்கோ அதில் பலன் உண்டு. ஆகவே அந்த உதாரணத்தை அப்படியே இங்கே பொருத்துவது சரியன்று. பணம் கொடுத்து வாங்கிய பொருளை விற்றவரின் வருமானத்தைத் திருட்டுப் பொருளின் வருமானம்போல ஹராம் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் வரம்பைத் தாண்டுவதற்காக மனைவி, மச்சான், கடைப்பையன் என்று ஐந்து பேர் பெயரில் கணக்குத் தொடங்கி, சொந்த உபயோகத்துக்கே என்று ஒப்புக்கொள்வது தெளிவான பொய். கொடுத்த வாக்கை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே கட்டளையிடுகிறது. கைப்பேசித் திரையில் விரலால் தொட்டு ஒப்புக்கொண்டதும் வாக்குதான்.

வழியில்லாமலும் இல்லை. கடைக்காரர்களுக்கென்றே அமேசான் 2017 முதலும் ஃபிளிப்கார்ட் 2020 முதலும் தனி மொத்த விற்பனைப் பிரிவு நடத்தி வருகின்றன. அவற்றில் கடையின் ஜிஎஸ்டி எண்ணுடன் பில் கிடைக்கும், வரிக்கழிவும் பெறலாம். சொந்தப் பெயரில் பில் போட்டு வாங்கியவருக்கு அக்கழிவு இல்லை. அதை ஈடுகட்ட பில் இல்லாமல் விற்கத் தொடங்குகிறார். ஒரு பொய் இன்னொன்றை இழுத்து வருவது இப்படித்தான்.

அடுத்தது, இளைஞர்களும் வீட்டிலிருந்தே சம்பாதிக்கும் நம் சகோதரிகளும் கவனிக்க வேண்டிய விஷயம். மீஷோ போன்ற செயலிகளிலிருந்து சேலைப் படத்தை எடுத்து, விலையைக் கூட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பி, விற்றுவிட்டதாகப் பேசி முடிக்கிறார்கள். சரக்கு எங்கோ சூரத்தில் இருக்கிறது. இவர் அதை வாங்கவேயில்லை. தம்மிடம் இல்லாததை விற்க வேண்டாமென்று ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். வாங்கிய உணவுப் பொருளைக் கைவசப்படுத்தும் முன் விற்பதையும் தடுத்துள்ளார்கள். கடைக்காரர் முன்பதிவு செய்த கைப்பேசி கைக்கு வருமுன் அதை விற்பதும் இதில் அடங்கும்.

இதனால் அந்தச் சகோதரிகளின் பிழைப்பை மூடிவிடச் சொல்கிறோம் என்று எண்ண வேண்டாம். "நான் தரகர், வரவழைத்துத் தருகிறேன், எனக்கு இவ்வளவு கூலி" என்று சொல்லிச் செய்தால் கூடும். அல்லது ஆர்டரை விருப்பமாக மட்டும் குறித்துக்கொண்டு, சரக்கு தம் வீட்டுக்கு வந்தபின் விற்பனையை முடிக்கலாம். அதுவரை இருவரும் கட்டுப்பட்டவர் அல்லர். முழுத் தொகையையும் முன்னரே பெற்று, தரம், அளவு, தரும் நாள் அனைத்தையும் உறுதிசெய்யும் ஸலம் வியாபாரமும் உண்டு. மதீனாவாசிகள் பேரீச்சம்பழத்துக்கு அவ்வாறு செய்துவந்ததை நபி (ஸல்) அவர்கள் ஒழுங்குபடுத்தி அனுமதித்தார்கள். ஆனால் பாதிப் பணம் இப்போது, மீதி வந்தபின் என்றால் அது ஸலம் ஆகாது.

விற்கும்போது வாங்கிய விலையைச் சொல்லியாக வேண்டுமென்பதில்லை. சொன்னால் உண்மையைச் சொல்ல வேண்டும். "எனக்கே நானூற்றைம்பது ஆயிற்று" என்று முந்நூறு ரூபாய்ச் சரக்கைக் காட்டிச் சொல்வது கூடாது. வாங்கிய இடம் பெரிதன்று. குறையை மறைப்பதே பெரிது. ஐப்பசியில் இணையத்தில் வாங்கிய கைப்பேசியைத் தை மாதத்தில் விற்றால் உத்தரவாதத்தில் மூன்று மாதம் கழிந்திருக்கலாம். பில் வேறொருவர் பெயரில் இருக்கும். ஷாம்புவும் பிஸ்கட்டும் மலிவாக வந்ததற்குக் காலாவதி நாள் நெருங்கியது காரணமாக இருக்கலாம். இவற்றை வாயால் சொல்லியே விற்க வேண்டும். தானியக் குவியலின் மேற்புறம் உலர்ந்தும் உட்புறம் நனைந்தும் இருந்ததைக் கைவிட்டுப் பார்த்த நபி (ஸல்) அவர்கள், நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள்.

பலரும் கவனியாத ஒன்றும் உண்டு. குறிப்பிட்ட வங்கியின் கடன் அட்டைக்குப் பத்து சதவீதக் கழிவு என்று அறிவிப்பு வந்தால், அட்டை உள்ளவரைத் தேடிப்பிடித்து அவர் அட்டையில் சரக்கு வாங்குகிறார்கள். பின்னர் பணத்தைத் திருப்பித் தரும்போது அட்டைக்காரருக்கு ஐந்நூறு, ஆயிரம் தருவதாகப் பேசிக்கொள்கிறார்கள். அட்டைக்காரர் கொடுத்தது கடன். கடனுக்காகப் பேசிப் பெறும் ஆதாயம் வட்டியே. உபகாரமாக அட்டையைத் தந்து, தந்த தொகையை மட்டும் பெற்றுக்கொண்டால் தடையில்லை. வட்டியில்லாத் தவணை என்ற விளம்பரத்தையும் நம்ப வேண்டாம். வங்கி வட்டியைக் கணக்கில் எழுதுகிறது, அத்தொகையை விற்பவர் விலையில் கழிக்கிறார், அவ்வளவே. பூஜ்ய வட்டி என்ற ஒன்று உண்மையில் இல்லையென்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் கூறிவிட்டது.

இச்சரக்குக்கு ஜகாத் எவ்வாறு என்றும் கேட்கிறார்கள். வாங்கிய விலையைக் கணக்கிடக்கூடாது. ஆண்டு நிறைவடையும் நாளின் சந்தை விலையே கணக்கு. ஒரு இலட்ச ரூபாய்க்கு மலிவாக வாங்கியது அன்று ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் மதிப்புப் பெறுமானால் ஜகாத் 3,500 ரூபாய், 2,500 அன்று. அலமாரிக்கும் தராசுக்கும் குளிர்பெட்டிக்கும் ஜகாத் இல்லை. கணக்கில் ஐயமுள்ளோர் சரக்குப் பட்டியலுடன் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளியில் நம்மைச் சந்திக்கலாம்.