எலும்பைக் கட்டும் கலங்கள்



"வயது போனால் எலும்பு தேயும்தானே, அதுக்கு என்ன செய்யிறது?" என்று எங்கள் வீடுகளில் அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். எலும்பைக் கல்லுப் போல உயிரற்ற ஒன்றாக நினைப்பதால் வருகின்ற பேச்சு இது. உண்மையில் எங்கள் எலும்புகள் வாழ்நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கப்பட்டு மீண்டும் கட்டப்படுகின்றன. கரைப்பதற்கு ஒருவகைக் கலங்கள், கட்டுவதற்கு வேறொரு வகைக் கலங்கள். இன்று கட்டும் கலங்களைப் பற்றிப் பார்ப்போம்.

இவை எலும்பு மச்சையில் உள்ள மூலக்கலங்களிலிருந்து உருவாகின்றன. அதே மூலக்கலம் கொழுப்புக் கலமாகவும் மாறலாம். எந்தப் பக்கம் போவது என்பதை, கலத்துக்குள் எந்தப் பரம்பரையலகு வேலை செய்கிறது என்பதே தீர்மானிக்கிறது. 1997இல் யப்பானிய ஆய்வாளர் கோமோரியும் அவருடைய குழுவினரும் ரன்க்ஸ்-2 என்ற பரம்பரையலகை நீக்கிய எலிகளை உருவாக்கினார்கள். குட்டிகளுக்குக் குருத்தெலும்பு இருந்தது, எலும்பு உருவாகவில்லை. பிறந்தவுடனேயே அவை மூச்சுவிட முடியாமல் இறந்தன. எலும்பு கட்டும் கலம் உருவாக ரன்க்ஸ்-2 அவசியம் என்பது இதனால் தெளிவானது.

கட்டுவது மட்டும் போதாது, அளவோடு நிறுத்தவும் வேண்டும். தென்னாபிரிக்காவில் ஆபிரிக்கானர் குடும்பங்கள் சிலவற்றில் ஓர் அரிய பரம்பரை நோய் உண்டு. எலும்பு தடித்துக்கொண்டே போகும். மண்டையோடு தடித்து நரம்புகளை நெரிப்பதால் காது கேளாமல் போகும். இதற்குரிய காரணம் 2001இல் தெரியவந்தது. அவர்களுடைய உடல் ஸ்கிளெரோஸ்ரின் என்ற புரதத்தை உருவாக்குவதில்லை. கட்டும் கலங்களின் வேலையை மட்டுப்படுத்துவது இந்தப் புரதந்தான். அதைச் சுரப்பவை, தங்கள் வேலை முடிந்தபின் எலும்புக்குள்ளேயே புதைந்துவிட்ட முன்னாள் கட்டும் கலங்கள்.

எலும்பின்மேல் விழும் பாரத்தையும் இந்தக் கலங்களே உணர்கின்றன. நடந்தால், படியேறினால், ஸ்கிளெரோஸ்ரின் குறைந்து கட்டும் வேலை கூடுகிறது. அசையாமல் கிடந்தால் அது கூடி, கட்டும் வேலை குறைகிறது. இப்புரதத்தைத் தடுக்கும் ரோமோசோசுமாப் என்ற ஊசிமருந்து 2019இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது. எலும்பு முறியும் ஆபத்து அதிகமுள்ள, மாதவிடாய் நின்ற பெண்களுக்கே அது உரியது. மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு ஏற்றதல்ல.

ஊரில் கிணற்றில் தண்ணீர் அள்ளி, முற்றம் கூட்டி, சந்தைக்கு நடந்து போன எங்கள் அம்மாமார், இங்கே குளிர்காலம் முழுவதும் கதிரையில் இருக்கிறார்கள். "நீங்கள் இருங்கோ அம்மா, நாங்கள் செய்யிறம்" என்கிறோம். அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் அந்த அன்பு அவர்களுடைய எலும்பைக் கட்டும் வேலையையும் குறைத்துவிடுகிறது.

அவர்களைச் சமைக்க விடுங்கள். கையைப் பிடித்துக்கொண்டு கடைவரை நடந்து போய் வாருங்கள். முன்பு விழுந்தவர்கள், எலும்பு முறிந்தவர்கள் எந்தப் பயிற்சி பொருந்தும் என்று முதலில் வைத்தியரிடம் கேட்க வேண்டும். உணவிலுள்ள கல்சியம் உடலில் சேர விற்றமின் டி தேவை. வெயில் குறைந்த நாடுகளில் கருமையான தோலுள்ள எங்களுக்கு அது எளிதில் குறைந்துவிடும். பிரித்தானியாவில், எங்களைப் போன்றவர்கள் ஆண்டு முழுவதும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் எடுப்பது பற்றி யோசிக்கும்படி சுகாதாரத்துறை சொல்கிறது. உங்கள் நாட்டில் எவ்வளவு என்று வைத்தியரிடம் கேளுங்கள்.