தலைவரை மாற்றினால் ஓட்டு வருமா?

(கோட்டக்குப்பம் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



நகராட்சித் தேர்தலுக்கு யாரை நிறுத்தலாம் என்ற பேச்சு இங்கே இப்போதே கிளம்பிவிட்டது. "ஜெயிக்கிற ஆளைப் போடுங்கள், மற்றதெல்லாம் தானே வரும்" என்கிறார் ஒரு தோழர்.

பிரிட்டிஷ் தொழிற் கட்சியில் இது தீராத வியாதி. 1955-ல் இடதுசாரியான பீவனைத் தோற்கடித்து கெய்ட்ஸ்கெல்லைத் தலைவராக்கினார்கள். 1959 தேர்தலில் அவரும் தோற்றார். 2017-ல் கார்பின் தலைமையில் அக்கட்சி சுமார் 1 கோடியே 29 லட்சம் ஓட்டு வாங்கித் தோற்றது. 2024-ல் ஸ்டார்மர் தலைமையில் சுமார் 97 லட்சம் ஓட்டிலேயே சர்க்கார் அமைத்தது! எதிரிகளின் ஓட்டுப் பிளந்ததை மறந்துவிட்டு, முகத்தின் மகிமை என்கிறார்கள்.

லண்டன் கிடக்கட்டும். நம் சென்னை ராஜ்யத்துக்கு வருவோம். 1952 தேர்தலில் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152 தான். உடனே ராஜாஜியை அழைத்து வந்தார்கள். அவர் எந்தத் தொகுதியிலும் ஜனங்கள் முன் நிற்கவில்லை. மேல்சபைக்குக் கவர்னர் செய்த நியமனத்தின் மூலம் முதல் மந்திரியானார். காங்கிரசை எதிர்த்து ஜெயித்த காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் அவர் மந்திரி சபையில் சேர்ந்தார். நம் தென்னாற்காட்டில் செல்வாக்குள்ள உழைப்பாளர் கட்சியின் ராமசாமிப் படையாட்சியாரும் 1954-ல் மந்திரியானார். ஓட்டுப் போட்ட குடியானவனை யார் கேட்டார்கள்?

1953-ல் வந்தது ராஜாஜியின் கல்வித் திட்டம். கிராமத்துப் பிள்ளைக்கு மூன்று மணி நேரம் பள்ளிக்கூடம், மிச்ச நேரம் தகப்பன் தொழில். நம் குப்பத்துக் கணக்கில் சொன்னால், கட்டுமரக்காரன் மகன் கட்டுமரத்துக்கே! பட்டணத்துப் பிள்ளைகளுக்கு இந்தத் திட்டம் கிடையாது, கவனியுங்கள். குலக்கல்வி என்று ராஜ்யமே கொதித்தது. காங்கிரஸ் சட்டசபைக் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. 1954-ல் ராஜாஜி விலகினார். தலைவர் தேர்தலில் காமராஜருக்கு 93, சி. சுப்பிரமணியத்துக்கு 41.

காமராஜர் திட்டத்தை வாபஸ் வாங்கினார். ராஜாஜியைப் போல் மேல்சபைக்குப் போகாமல், குடியாத்தம் இடைத் தேர்தலில் நேரே நின்றார். நம் கட்சி எதிர்த்துத்தான் நின்றது, அவர் ஜெயித்தார். தன்னிடம் தோற்ற சுப்பிரமணியத்தையும் மந்திரியாக்கினார். சாமர்த்தியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் குலக்கல்வியைக் கையில் வைத்துக்கொண்டு குடியாத்தத்தில் நின்றிருந்தால் அந்தச் சாமர்த்தியம் எவ்வளவு தூரம் போயிருக்கும்?

1967-ஐப் பாருங்கள். அதே காமராஜர், இப்போது அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர். சொந்த ஊரான விருதுநகரில் நிற்கிறார். கட்சியில் அவரை மிஞ்சிய முகம் இல்லை. ஆனால் கடையில் அரிசி இல்லை. இந்தி எதிர்ப்பில் 1965-ல் நடந்த துப்பாக்கிச் சூட்டை எந்த ஊரும் மறக்கவில்லை. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று தி.மு.க. மேடைக்கு மேடை பேசிற்று. மாணவர் தலைவர் சீனிவாசன் அவரை 1285 ஓட்டில் தோற்கடித்தார்.