சைக்கிள் மிதித்துக் கேட்ட ரேடியோ

(தோட்டச் சமூக மண்டபத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துவிட்டு, பிள்ளைக் காம்பராவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். களைப்பு தெரிகிறது. அதனால் மேடைப் பேச்சாகப் பேசாமல், போன மாதம் நாம் கிளிநொச்சிக்குப் போய் வந்த கதையைச் சொல்கிறோம்.

நமது தாய்மாமன் அங்கேதான் இருக்கிறார். 1977 கலவரத்துக்குப் பிறகு இந்த லயத்திலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு போனவர். அப்போது மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று போய்க் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு வன்னியில் ஒரு சித்தப்பாவோ, அத்தையோ இருப்பார்கள். இல்லையென்று சொல்லுங்கள் பார்ப்போம்!

1990இல் யுத்தம் மீண்டும் மூண்ட பிறகு வன்னிக்குப் பொருட்தடை வந்தது. பெற்றோல் இல்லை, சவர்க்காரம் தட்டுப்பாடு, மண்ணெண்ணெய் யானை விலை. தடைப் பட்டியலில் டோர்ச் பற்றரியும் இருந்தது. மின்சாரமும் கிடையாது. பற்றரியும் இல்லையென்றால் ரேடியோ வெறும் பெட்டிதானே? ஆனால் சனங்களுக்குச் சோற்றுக்கு அடுத்தபடி செய்திதான் வேண்டியிருந்தது. எந்த ஊரில் செல் விழுந்தது, எந்தப் பாதை திறந்தது என்பதை இரவில் பி.பி.சி. தமிழோசையும், மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியுந்தான் சொல்லும்.

முதலில் செத்த பற்றரியை வெயிலில் காயவைத்துப் பார்த்தார்கள். ஆணியால் துளைபோட்டு உப்புத்தண்ணி ஊற்றியும் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் முனகும், பிறகு நின்றுவிடும். கடைசியில் கண் பட்டது சைக்கிள் டைனமோ மேலே.

அது எப்படி வேலை செய்கிறது என்று மாமா நமக்குத் தரையில் கோடு போட்டுக் காட்டினார். டயரில் உரசிச் சுற்றும் அந்தக் குப்பிக்குள்ளே ஒரு காந்தம் இருக்கிறது. அது கம்பிச் சுருளுக்கு நடுவே சுழலும்போது மின்சாரம் பிறக்கிறது. சாதாரண டைனமோ 6 வோல்ட், 3 வாட். நாலு பற்றரி போடுகிற ரேடியோவுக்கும் 6 வோல்ட்தான். கணக்குச் சரியாக வருகிறது, இல்லையா? ஆனால் நேரே வயரைக் கொடுத்தால் 'ம்ம்' என்று இரைச்சல்தான் வரும், ரேடியோவும் கெட்டுப்போகும். டைனமோவில் வருவது முன்னும் பின்னுமாகப் போகும் மின்சாரம். ரேடியோவுக்கு ஒரே பக்கமாக ஓடுவது வேண்டும். அதற்கு நாலு டயோட்டு. ஓட்டத்தை நிதானமாக்க ஒரு பெரிய கண்டென்சர். இவற்றை எந்தக் கடையில் வாங்குவது? உடைந்த ரேடியோக்களிலிருந்து கழற்றினார்கள். ஈயம் உருக்கி ஒட்டுவதற்குக் கம்பியை அடுப்பிலே காய்ச்சினார்களாம்.

இன்னொரு சங்கதி. வேகமாக மிதித்தால் வோல்ட் ஏறிப்போய் ரேடியோ கருகும். அதற்காகச் சைக்கிளின் முன் பல்பையும் சேர்த்தே எரியவிட்டார்கள். மிஞ்சியதை அது தின்றுகொள்ளும். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி ஒருவர் மிதிக்க, பத்து வீட்டுச் சனம் சுற்றியிருந்து கேட்கும். மிதிக்கிற வேலையைப் பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளிடந்தான் கொடுப்பார்களாம். காரணம் கேட்டோம். "பெரியவங்க மிதிச்சா, செய்தியில சொந்த ஊர்ப் பேரு வந்ததும் காலு நின்னுடும்டா. காலு நின்னா ரேடியோவும் நின்னுடும். அடுத்த வரி கேக்காது" என்றார்.

அதே இரவுகளில் இங்கே லயத்தில் நமது அம்மா, பற்றரி போட்ட ரேடியோவில் அதே செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தார். 1996இல் கிளிநொச்சிச் சண்டை நடந்தபோது மாமா குடும்பம் மல்லாவிப் பக்கம் ஓடிவிட்டது. கடிதம் இல்லை. ஆள் இருக்கிறாரா, இல்லையா என்றே தெரியாது. தம்பி அங்கே சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது அக்காவுக்குத் தெரியாது. 2002இல் ஏ-9 பாதை திறந்த பிறகுதான் அவர் வந்து வாசலில் நின்றார். அம்மா அழுததைவிடத் திட்டியதுதான் அதிகம்.

அந்த ரேடியோ இன்னும் இருக்கிறது. கடைசி யுத்தத்தில் பொலித்தீன் பையில் சுற்றிக் கிணற்றடியில் புதைத்துவிட்டுப் போனார்கள். முள்ளிவாய்க்கால் கடந்து, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு, 2010இல் திரும்பியதும் முதலில் தோண்டியது அதைத்தான்.

இப்போது மாமாவுக்கு ஒரு பக்கம் வாதம். படுக்கைதான். ரேடியோ தட்டின் மேலே, கை எட்டாது. ஒவ்வொரு தடவையும் மருமகளைக் கூப்பிட அவருக்கு மனசு இல்லை. கூப்பிடாமலே கிடந்துவிடுவார். இதைப் பார்த்து அவர் பேரன் ஒரு காரியம் செய்திருந்தான். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னோம்.

தீப்பெட்டி அளவு கெட்டி அட்டை ஒன்று. அதன் இரண்டு பக்கமும் தனித்தனியாக வயர் நுனியைச் சீவி, செம்பு இழைகளைப் பரப்பி ஒட்டினான். ஒரு பக்கத்து இழை மறுபக்கத்தைத் தொடக்கூடாது. அந்த அட்டையைப் பற்றரிக்கும் ரேடியோவின் தகட்டுக்கும் நடுவே செருகினான். மின்சாரம் இனி அந்த இரட்டை வயர் வழியாகக் கட்டில் வரை போய்த்தான் திரும்ப வேண்டும். கட்டிலில் மேசை விளக்குக்குப் போடுகிற சுவிட்ச். அமத்தினால் பாடும், மறுபடி அமத்தினால் நிற்கும். ரேடியோவை வெட்டவில்லை, ஒட்டவில்லை. திருகு பொத்தான் உள்ள பழைய ரேடியோவில் இது நன்றாக வரும். விட்ட இடத்திலிருந்தே பாடும். புதுசுகளில் சில, மின்சாரம் நின்றால் நிலையத்தை மறந்துவிடும்.

வயர் இழுத்த ரிமோட் என்று சிரிக்காதீர்கள். 1950இல் அமெரிக்காவின் செனித் கம்பனி விற்ற முதல் டி.வி. ரிமோட்டும் வயரில்தான் தொங்கியது. 'சோம்பேறி' என்ற அர்த்தத்தில் பெயர் வைத்தார்கள். வயர் தடுக்கி ஆட்கள் விழுந்ததால், 1955இல் வெளிச்சம் அடிக்கிற ரிமோட் வந்தது. அதுவோ வெயில் பட்டாலும் நிலையத்தை மாற்றியது! 1956இல் ரொபர்ட் அட்லர் என்பவரின் ரிமோட் வந்தது. உள்ளே சின்ன உலோகக் கம்பியைத் தட்டி, காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பும். அதற்குப் பற்றரியே வேண்டாம். வன்னிக்கு ஏற்ற சாமான்!

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம். இந்த வேலை பற்றரியில் ஓடும் ரேடியோவுக்கு மட்டுந்தான். சுவரில் சொருகும் 230 வோல்ட் வயரை அறுத்து இப்படிச் செய்யவே கூடாது. ஒரு தோட்டத்தில் பையன் ஒருவன் பழைய டி.வி.யின் பின்மூடியைக் கழற்றினான். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைத்தான். ஆனாலும் உள்ளே தங்கியிருந்த மின்சாரம் தூக்கி எறிந்துவிட்டது. உயிர் தப்பியது பெரிய காரியம்.

நமது லயங்களிலும் படுக்கையில் கிடக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பழைய ரேடியோ பரணில் கிடந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைக் காம்பரா வராந்தாவுக்குக் கொண்டு வாருங்கள். வயரும் சுவிட்சும் நம்மிடம் இருக்கிறது. அட்டையை மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள்.