குன்னத்து முட்டை



"உலகமும் சமூக வலைத்தளங்களும்" என்று தலைப்பு கொடுத்துவிட்டார் செயலாளர். உலகம் பெரிசு. நான் நம்ம குன்னத்தைப் பற்றிப் பேசுகிறேன். அதில் என் தப்பும் ஒன்று இருக்கிறது.

2020 அக்டோபர். கொரோனா காலம். பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் டைனோசர் முட்டை கிடைத்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் படம் வந்தது. உருண்டை உருண்டையாக, பெரிய பெரிய கல். செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி. பல கை மாறி வந்தது என்று அதற்கு அர்த்தம். நான் கவனிக்கவில்லை. நம் பழைய மாணவர் குழுவுக்குத் தட்டிவிட்டு, "நம்ம ஊர்ப் பெருமை!" என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

நான் யார்? முப்பது வருஷம் இதே வட்டாரத்தில் பூகோளம் நடத்தினவன். வருஷா வருஷம் பிள்ளைகளைச் சாத்தனூர் கல்மரத்துக்குக் கூட்டிப் போனவன். "சாரே சொல்லிட்டார்" என்று அது மேலும் பல குழுக்களுக்குப் போயிற்று.

மறுநாள் ஒரு பழைய மாணவன் போன் பண்ணினான். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை. "சார், இங்கெல்லாம் ஒரு காலத்துல கடல் இருந்துச்சுன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க? கடலுக்கடியில எந்த டைனோசர் சார் வந்து முட்டை போடும்?"

எனக்குப் பதில் வரவில்லை.

நிலவியல் தெரிந்தவர்கள் விளக்கம் சொன்னார்கள். கடலடிச் சேற்றில் ஒரு ஓட்டுத் துண்டைச் சுற்றித் தாதுப்பொருள் படிந்து படிந்து இறுகினால் இப்படி உருண்டைக் கல் ஆகும். அந்தக் கடலில் அம்மோனைட் என்ற பிராணி இருந்தது. ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட ஓடு. கணவாய்க்குத் தூரத்து உறவு. டைனோசர் அழிந்த 6.6 கோடி வருஷத்துக்கு முன்னால் அதுவும் அழிந்தது. 1840-களிலேயே வெள்ளைக்காரர்கள் நம் பக்கத்து ஓடைகளில் இந்தப் படிவங்களைப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். நாம்தான் அவற்றைத் தாண்டித் தாண்டி மாடு மேய்த்தோம்.

புரளிக்கும் ஒரு பிடிமானம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2009-ல் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைப் படிவங்களைக் கண்டதாகச் சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியலார் அறிவித்தார்கள். அந்தச் செய்தி மனசில் இருந்ததால்தான் இதையும் நம்பத் தோன்றியது.

ஃபேஸ்புக் 2004-ல் ஒரு கல்லூரி மாணவர்களுக்காகத் தொடங்கியதுதான். நம் மலரின் பின்பக்க முகவரிப் பட்டியலுக்கு அண்ணன் என்று வையுங்கள். ஜப்பானில் 2011 சுனாமிக்குப் பிறகு, ஆபத்தில் உறவினரைத் தொடர்புகொள்ள முடியாத தவிப்பிலிருந்து 'லைன்' பிறந்தது. 2015 சென்னை வெள்ளத்தில் படகும் சோறும் கேட்டு எத்தனை பேர் இதே கைப்பேசியை நம்பினார்கள்! நல்லதுக்குக் குறைவில்லை. ஆனால் கம்பெனிக்கு வருமானம் பெரும்பாலும் விளம்பரம். நாம் எவ்வளவு நேரம் திரையைப் பார்க்கிறோமோ அவ்வளவு லாபம். முட்டை என்றால் பார்ப்போம். கல் என்றால் பார்ப்போமா?

2018-ல் பிள்ளை பிடிக்கிறவர் என்ற புரளியால் நாட்டின் பல இடங்களில் கொலை விழுந்தது. நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். அதற்கப்புறம்தான் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு தடவைக்கு ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி வைத்தது. 2019 ஜனவரியில் உலகம் முழுக்க அதே கட்டுப்பாடு. 2020 ஏப்ரலில், இரட்டை அம்பு போட்ட செய்தி ஒரு தடவைக்கு ஒரே இடத்துக்குத்தான் என்று குறைத்தார்கள். அப்படிப்பட்ட செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனமே சொன்னது.

ஆக, நான் அனுப்பியபோது எனக்கு அனுமதி ஒரே இடம். அந்த ஒரு இடமாக நம் குழுவைத்தான் தேர்ந்தெடுத்தேன்!

மறுப்பும் போட்டேன். "தவறு என்னுடையது, அது முட்டை அல்ல" என்று. பதினோரு பேர் கைகூப்பினார்கள். அதை வேறு குழுவுக்கு யாராவது அனுப்பினீர்களா என்று கேட்டேன். ஒருத்தரும் இல்லை. போன மாசம்கூட டீக்கடையில் ஒரு பையன், "நம்ம குன்னத்துலதான் சார் டைனோசர் முட்டை கிடைச்சுது" என்று எனக்கே பாடம் எடுத்தான். உட்கார வைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்து முழுக்கதையும் சொன்னேன்.

நாளைக் காலை 7 மணிக்குக் கல்லூரி வாசலில் வேன் நிற்கும். சாத்தனூர், காரை, திரும்பும் வழியில் வாரணவாசி அருங்காட்சியகம். அந்தச் சுரங்கத்து மாணவனும் வருகிறான். தண்ணீர், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். கல் எதையும் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.