விரல் ரேகைக்கும் ஒரு பூட்டு



ஏடிஎம் பின் நம்பர் திருடு போனா மாத்திக்கலாம். விரலை மாத்த முடியுமா? ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் மெஷின் ஓடிபி கேட்காது. வங்கிப் பெயர், ஆதார் எண், ரேகை போதும். பத்திரத்தில் வைத்த ரேகையை நகலெடுத்துப் பணம் எடுத்த வழக்குகள் உண்டு.

ஆதார் செயலியில் ரேகையைப் பூட்டி வையுங்கள். ரேஷன் கடையில் ரேகை வைக்கும்போது மட்டும் திறந்துக்கலாம். கியூவில் நிக்கும்போது இது தொல்லைதான், ஒத்துக்கறேன்.

பணம் போனால் உடனே 1930-க்குப் போன் போடுங்க. வங்கியிலும் எழுதிக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் போன பணத்துக்கு, தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் கொடுத்தால் நமக்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை சொன்னது.  "நீங்கதானே ரேகை வச்சீங்க" என்று கவுன்ட்டரில் சொன்னால், அதை நிரூபிக்க வேண்டியது வங்கி. அதுவும் அதே சுற்றறிக்கையில் இருந்தது.